வியாபாரிக்கு ஆங்கிலம்: கணக்கை மாற்றிவிடும் பிழைகள்

 

ஆங்கிலம் நமக்குத் தாய்மொழியன்று. வீட்டிலே தமிழ், கடை வாசலிலே மலாய், ஓதலிலும் தொழுகையிலும் அரபு, பக்கத்துக் கடைத் தவுக்கேயுடன் பாதி மலாயும் பாதி கைச்சாடையும். இத்தனைக்கும் நடுவே வந்து சேர்ந்தது ஆங்கிலம். ஆகவே அதிலே பிழை நேர்வது இயற்கை. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிழைகள் யாவும் ஒரே தரத்தவை அல்ல. சில பிழைகள் கேட்பவரைப் புன்னகை செய்ய வைக்கும், அத்துடன் சரி. வேறு சிலவோ யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்பதையே மாற்றிவிடும். இலக்கணப் புத்தகங்கள் இவ்விரண்டு வகையையும் ஒரே வரிசையில் அச்சிட்டு நம் கையில் தருகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது போதும். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைக்கிறவருக்கு அந்த வரிசை உதவாது. பணத்தைத் தொடும் பிழைகளை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். மற்றவை காத்திருக்கும் என்பது எமது அபிப்பிராயம். இப்பாடம் அந்த முறைப்படியே செல்லுகிறது.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை ஆலிம்கள் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமாகிய அது, தவணை குறித்த கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர். தொகை சிறியதென்று எழுதச் சோம்பக்கூடாது என்றெல்லாம் அதில் விவரம் இருக்கிறது. நம் முன்னோர் இதைத் தமிழிலும் அரபுத்தமிழிலும் பேரேடுகளில் எழுதிவந்தனர். இன்றைக்கோ நம் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி ஆங்கிலத்தில், அதுவும் கைப்பேசியில், ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி எழுதப்படுகிறது. தகராறு வந்துவிட்டால் அந்த இரண்டு வரிச் செய்தியே சாட்சியாகி நிற்கிறது. சிங்கப்பூரின் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ஸ் எனப்படும் சிறு வழக்கு மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பாரும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் வழக்காடலாம். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள இடமில்லை. நாமே நின்று, நாமே எழுதியதற்கு நாமே பொருள் சொல்ல வேண்டும். எழுதியது வேறு, எண்ணியது வேறு என்று அங்கே போய்ச் சொல்வது எளிதன்று.

ஆமாம் என்றால் ஆமாமா?

முதற் பிழை மிகச் சிறிய சொல்லில் இருக்கிறது. பினாங்கிலிருந்து ஒரு மொத்த வியாபாரி, ‘ஹாஸ்ன்ட் தி கார்கோ அரைவ்ட்?’ என்று கேட்கிறார். சரக்கு வந்து சேரவில்லையா என்பது பொருள். நம்மவர் ‘யெஸ்’ என்று ஒரு சொல்லில் பதில் அனுப்புகிறார். அவர் மனத்தில் இருந்தது ‘ஆமாம், வரவில்லை’ என்பது. ஆங்கிலத்திலே வளர்ந்தவர் அதை ‘வந்துவிட்டது’ என்றே வாசிப்பார். மறுநாள் முழுத் தொகைக்கும் பட்டியல் வந்து நிற்கும்.

காரணம் இதுதான். தமிழிலே ‘ஆமாம்’ என்பது கேட்டவரின் பேச்சை ஒப்புக்கொள்வது. ‘வரவில்லையா?’ என்றவருக்கு ‘ஆமாம்’ என்றால், நீர் சொன்னது சரி, வரவில்லை என்று ஆகிறது. ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்பது நடந்த காரியத்தைச் சொல்வது. வந்திருந்தால் ‘யெஸ்’; வராவிட்டால் ‘நோ’; கேள்வி எப்படி இருந்தாலும் கவலையில்லை. மலாய்க்காரரும், சீனரும், ஹிந்தி பேசுகிறவரும் இவ்விஷயத்தில் நம் கட்சியே. ஆதலால் இங்கே நமக்குள் இது பெரும்பாலும் ஓடிவிடுகிறது; அதனாலேயே பிழை என்று நமக்குத் தெரியாமலும் போகிறது. லண்டனிலோ சிட்னியிலோ இருக்கிற ஒருவரிடம் கைமாறும்போதுதான் வினை.

பரிகாரம் எளிது. எதிர்மறையாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். ‘நோ, இட் ஹாஸ் நாட் அரைவ்ட்’ அல்லது ‘யெஸ், இட் ஹாஸ் அரைவ்ட்’ என்று வினைச்சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். அவ்வாறு எழுதினால் முதல் சொல்லில் தவறினாலும் பின்வருவது காப்பாற்றிவிடும்.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு. ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ பே நெக்ஸ்ட் வீக்?’ என்று வாடிக்கையாளர் பணிவாகக் கேட்கிறார். அடுத்த வாரம் கொடுத்தால் உமக்கு ஆட்சேபம் உண்டா என்பது அதன் பொருள். நம்மவர் தாராள மனத்தோடு, முகம் மலர, ‘யெஸ், யெஸ்’ என்கிறார். ஆட்சேபம் உண்டு, உண்டு என்று இருமுறை அழுத்திச் சொன்னதாகிவிடுகிறது! சம்மதமென்றால் இங்கே ‘நோ, தட்ஸ் ஃபைன்’ என்பதே சரி.

நாம், நாங்கள்

நமது மொழியிலே ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்ந்தவர். ‘நாங்கள்’ என்றால் அவர் நீங்கலாக. மலாயிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இதே பாகுபாடு இருக்கிறது. இந்த அருமையான வசதி ஆங்கிலத்தில் கிடையாது, ஹிந்தியிலும் கிடையாது. இரண்டுக்கும் ‘வீ’ என்ற ஒரே சொல்தான். நம்முடைய காது இரண்டு பொருளுக்குப் பழகியது. கை எழுதுவதோ ஒரே சொல்லை.

கிள்ளானுக்கு வரும் பருப்புக்குக் கப்பல் கூலி கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள ஏற்றுமதியாளருக்கு நம்மவர், ‘வீ வில் பேர் தி எக்ஸ்ட்ரா ஃப்ரெய்ட்’ என்று எழுதுகிறார். கூடுதல் கூலியை நாம் இருவரும் பகிர்ந்து தாங்குவோம் என்பது எண்ணம். வாசிப்பவரோ, கடிதம் எழுதிய கம்பெனியே முழுவதையும் ஏற்றுக்கொண்டது என்று கொள்வார். அப்படிக் கொள்ள அவருக்கு நியாயமும் உண்டு. கடிதத்தில் ‘வீ’ என்பது எழுதியவர் தரப்பையே குறிக்கும் என்பதுதான் வழக்கம்.

பணம் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் ‘வீ’யைத் தனியே விடாதீர்கள். ‘யூ வில் பே ஹாஃப் அண்ட் வீ வில் பே ஹாஃப்’ என்று பங்கைப் பிரித்து எழுதுங்கள். ஒப்பந்தப் பத்திரங்களில் ‘தி செல்லர்’, ‘தி பையர்’ என்று ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப எழுதுவது வக்கீல்களின் வாய்ப்பழக்கம் என்று பலர் கேலி செய்கிறார்கள். யார் என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு.

கொடுத்தேன், வாங்கினேன்

இதுவே இப்பாடத்தில் எல்லாவற்றிலும் பெரியது என்பேன். தமிழில் ‘கொடு’ என்ற ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது! கடன் கொடுத்தான், கூலி கொடுத்தான், முன்பணம் கொடுத்தான், ஸதகா கொடுத்தான், பாக்கியைக் கொடுத்தான், மகளைக் கொடுத்தான். முன்னால் நிற்கும் சொல் பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அந்த முன்சொல்லை விட்டுவிட்டு ‘ஐ கேவ் ஹிம் ஃபைவ் தௌஸண்ட்’ என்று மட்டும் எழுதுகிறோம். ‘கேவ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் முதலில் தோன்றும் பொருள் திரும்பிவராதபடி கொடுத்துவிட்டது என்பதே.

நம் சமுதாயத்தில் ஊர்க்காரர், உறவினர், பழகிய நண்பர் என்று கைமாற்றாகக் கொடுப்பது சகஜம். பத்திரம் எழுதுவதில்லை, ஒரு செய்தி அனுப்புகிறோம். வாங்கியவர் திடீரென்று மவுத்தாகிவிட்டால், சொத்தைப் பங்கிடுமுன் கடனை அடைக்க வேண்டுமென்பது ஷரீஅத்தின் விதி. வாரிசுகள் நல்லவர்களே, கடனை அடைக்க மனமும் உள்ளவர்களே. ஆனால் அவர்கள் கையிலிருக்கும் கைப்பேசியில் ‘ஐ கேவ் யூ ஃபைவ் தௌஸண்ட்’ என்றுதான் இருக்கிறது. அது கடனா? பழைய பாக்கியா? கூட்டு வியாபாரத்தின் முதலா? அன்பளிப்பா? அவர்கள் எப்படி அறிவார்கள்? ஒரு வினைச்சொல்லின் குறைவால் ஒருவருடைய பணமும் இன்னொருவருடைய ஆகிரத்துப் பொறுப்பும் ஒருங்கே தொங்குகின்றன.

ஆகவே சொற்களைப் பிரித்துப் பழகுங்கள். கடனாகக் கொடுத்தால் ‘லெண்ட்’. நடந்துவிட்டதைச் சொல்ல ‘லென்ட்’: ‘ஐ லென்ட் யூ ஃபைவ் தௌஸண்ட் டாலர்ஸ்’. விலையோ கூலியோ பாக்கியோ தீர்த்தால் ‘பெய்ட்’. சரக்கு வருமுன் கொடுத்த தொகைக்கு ‘பெய்ட் ஆஸ் அட்வான்ஸ்’. கடை வாடகைக்குப் பிணையாக வைத்தால் ‘டெபாசிட்’. வாங்கியதைத் திருப்பினால் ‘ரிபெய்ட்’ அல்லது ‘ரிடர்ன்ட்’. ‘ரிடர்ன் பேக்’ என்று ‘பேக்’ சேர்ப்பது வீண். திருப்புதல் அதிலேயே அடங்கியிருக்கிறது.

‘வாங்கு’ என்பதும் இப்படியே. சரக்கு வாங்கினால் ‘பாட்’. கடன் வாங்கினால் ‘பாரோட்’. பணம் கைக்கு வந்தால் ‘ரிசீவ்ட்’. இங்கே ஊரெல்லாம் ‘பாரோ மீ’ என்பார்கள், எனக்குக் கடன் கொடு என்ற பொருளில். ‘பாரோ’ வாங்குவோன் செய்வது. ‘லெண்ட்’ கொடுப்போன் செய்வது. பணமாற்று வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களுடைய பலகையில் ‘வீ பை’, ‘வீ செல்’ என்று இரண்டு பத்தி இருக்கும். பார்க்கிறவர் பக்கத்தை மாற்றிப் படித்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தினசரி அனுபவம்.

நடந்ததும் நடக்கப்போவதும்

‘போன மாதமே அனுப்பியிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். அதை அப்படியே, ‘வீ ஹாட் சென்ட் தி மணி லாஸ்ட் மந்த்’ என்று எழுதுகிறோம். ஹிந்தி பேசுவோரும் தங்கள் மொழியின் போக்கிலே இதே தவறைச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஹாட்’ வந்தால், அதற்குப் பின்னால் வேறொன்று நடந்தது என்று வாசிப்பவர் காத்திருப்பார். பணம் அனுப்பியிருந்தீர்கள், சரி, பிறகு? திரும்பி வந்துவிட்டதா? செக் மறுக்கப்பட்டதா? சாதாரணமாக அனுப்பியதைச் சொல்ல ‘வீ சென்ட் தி மணி ஆன் ஃபிஃப்த் மே’ என்று தேதியோடு எழுதினால் போதும். தேதி சொல்லாவிட்டால் ‘வீ ஹாவ் சென்ட் தி மணி’ என்க. தேதியையும் ‘ஹாவ்’ என்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதிருந்தால் பாதி இலக்கணம் வந்துவிட்டதென்றே கொள்ளலாம்.

வருங்காலத்தில் வேறொரு குழி. ‘வில்’ என்றால் கடுமையாகத் தொனிக்குமென்று எண்ணி, மரியாதைக்காக ‘வீ உட் பே ஆன் ஃப்ரைடே’ என்று பலர் எழுதுகின்றனர். ‘உட்’ என்பதிலே ஒரு ‘ஆனால்’ மறைந்திருக்கிறது. கொடுப்போம், இன்னது நடந்தால் என்று அது இழுக்கும். வாக்குக் கொடுப்பதாயின் ‘வில்’ என்றே எழுதுங்கள். ‘கேன்’ என்பதும் வாக்கல்ல. நம் ஊரில் எதற்கும் ‘கேன், கேன்’ என்பது வழக்கமாயினும், அது முடியும் என்று சொல்வதே தவிர, செய்கிறேன் என்று சொல்வதன்று.

‘இன்ஷா அல்லாஹ்’ என்று எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவனின் நாட்டத்தைச் சேர்த்துச் சொல்லவேண்டுமென்று கஹ்ஃபு அத்தியாயத்தில் கட்டளையே இருக்கிறது. ஆயினும் தேதியும் தொகையும் இல்லாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால், முஸ்லிமல்லாத வியாபாரி அதைத் தட்டிக்கழிக்கும் வார்த்தையாகக் கொள்ளக்கூடும். சில முஸ்லிம்களே அப்படி உபயோகிப்பதால் அவர்மேல் குற்றமும் சொல்ல முடியாது. ‘இன்ஷா அல்லாஹ், ஐ வில் பே 2,000 டாலர்ஸ் ஆன் ஃப்ரைடே, ட்வென்ட்டி செகண்ட் மே’ என்று எழுதினால் இரண்டுக்கும் உரிய இடம் கிடைத்துவிடும்.

இனிக் கெடு. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதை ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதுவது நம் தனிப்பழக்கம். நாளின் பெயருக்கு முன் ‘பை’ வரவேண்டும்: ‘பை ஃப்ரைடே’. கால அளவுக்கு முன் ‘வித்தின்’: ‘வித்தின் செவன் டேஸ்’. ‘வெள்ளிக்கிழமை வரை’ என்பதற்கு ‘டில்’ அல்லது ‘அண்டில்’. ‘வெள்ளி வரை சரக்கை வைத்திருங்கள்’ என்ற பொருளில் ‘கீப் தி கூட்ஸ் பை ஃப்ரைடே’ என்று எழுதி, சரக்கு கைமாறிப் போனால் யாரை நோவது? அது ‘கீப் தி கூட்ஸ் அண்டில் ஃப்ரைடே’ என்றிருக்க வேண்டும். ‘இன் த்ரீ டேஸ்’ என்றால் பெரும்பாலும் மூன்றாம் நாள் முடிவிலே என்று கொள்வர். ‘வித்தின் த்ரீ டேஸ்’ என்றால் அதற்குள் எந்த நாளும் ஆகலாம். ‘இரண்டு நாளைக்கு முன்’ என்பது ‘பிஃபோர் டூ டேஸ்’ அன்று. ‘டூ டேஸ் அகோ’.

ஸந்தேகமும் பணிவும்

தமிழில் ‘ஒரு சந்தேகம்’ என்று சொல்லி ஆசிரியரையே கேள்வி கேட்கலாம், அவர் மகிழ்வார். அதே நினைவில், ‘ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் பில்’ என்று எழுதுகிறோம். வாசிப்பவருக்கு, உமது பட்டியலில் எனக்கு நம்பிக்கையில்லை என்று படும். இருபது வருஷ வியாபாரத் தொடர்பில் கசப்பு விழ இந்த ஒரு வரி போதும். விளக்கம் கேட்பதாயின் ‘ஐ ஹாவ் எ கொஸ்சன் அபௌட் யுவர் பில்’ என்க.

பணிவிலும் இப்படி ஒரு சங்கடம். தமிழிலே மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அனுப்பு’ என்பதற்கும் ‘அனுப்புங்கள்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! ‘அனுப்புங்கள்’ என்று மனத்தில் மரியாதையோடு நினைத்து ‘யூ செண்ட் டுமாரோ’ என்று எழுதினால், அந்த ‘ங்கள்’ வழியிலேயே உதிர்ந்துபோய் வெறும் கட்டளை மட்டும் போய்ச் சேருகிறது. எதிரிலிருப்பவர் இவர் முரடர் என்று எண்ணுகிறார். நாம் ஆங்கிலத்தில் உதிர்ந்த மரியாதையை ‘சார்’ ‘சார்’ என்று வரிக்கு ஒன்றாகச் சேர்த்து ஈடுகட்டப் பார்க்கிறோம். அது வேண்டாம். ‘ப்ளீஸ் செண்ட் இட் டுமாரோ’ என்றோ, ‘குட் யூ செண்ட் இட் டுமாரோ?’ என்றோ எழுதினால் உதிர்ந்தது திரும்பி வந்துவிடும்.

நிற்க. மற்றப் பிழைகளை விரைந்து பார்த்துவிடலாம். ‘எ’, ‘தி’ என்ற சிறு சொற்களை நாம் விட்டுவிடுகிறோம். தமிழிலும் ஹிந்தியிலும் அவை இல்லை, மலாயிலும் இல்லை. தமிழும் ஹிந்தியும் வேறு வேறு மொழிக்குடும்பமாயினும், இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வருகிறது. பேசும் முறையிலும் ஒற்றுமைகள் பல. அதனால்தான் வடநாட்டு வியாபாரியின் ஆங்கிலத்தில் காணும் பிழைகள் பல நம்முடையவை போலவே இருக்கின்றன. நாம் ‘தான்’ என்பதற்காக ‘டுடே ஒன்லி’ என்கிறோம்; அவர் தம் ‘ஹீ’ என்ற சொல்லுக்காக அதையே சொல்கிறார். ‘ஐ ஆம் ஹாவிங் டூ ஷாப்ஸ்’ என்பதும் இருவருக்கும் பொது. ‘ஐ ஹாவ் டூ ஷாப்ஸ்’ என்பதே சரி. ‘வாட் இஸ் யுவர் குட் நேம்?’ மட்டும் அவருடைய சொத்து. ஹிந்தியில் பெயரை ‘சுப நாம்’ என்று மரியாதையாகக் கேட்பதன் நேர்பெயர்ப்பு அது. காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. அதனால் ஒருவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.

‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதில் ‘அபௌட்’ வேண்டாம். ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘எக்விப்மெண்ட்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று பன்மை வைக்கக்கூடாது. பத்து மூட்டை என்பது தமிழுக்குச் சரி. ஆங்கிலத்தில் ‘டென் பேக்ஸ்’. ‘பத்து வருஷமாக வியாபாரம் செய்கிறேன்’ என்பது ‘ஐ ஹாவ் பீன் டூயிங் பிஸினஸ் ஃபார் டென் இயர்ஸ்’. இதிலே ‘ஸின்ஸ் டென் இயர்ஸ்’ என்றால் பிழை, ஆயினும் விளங்கும். ‘ஐ டிட் பிஸினஸ் ஃபார் டென் இயர்ஸ்’ என்று பாங்கிக்கு எழுதிவிட்டாலோ, கடையை மூடிவிட்டீர்கள் என்று ஆகும். ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று பதில் கேட்பது இப்பகுதியில் எல்லா ஆபீஸிலும் பரவிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்புதல் என்பதே அச்சொல்லின் ஆதிப்பொருள். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரை ஆங்கிலம் பேசும் முஸ்லிம்கள் ‘ரிவர்ட்’ என்றே அழைக்கிறார்கள். பட்டியலுக்குப் பதில் கேட்க ‘ரிப்ளை’ போதுமே!

எண்ணும் ஒலியும்

சென்னையிலிருந்து வரும் பட்டியலில் 1,50,000 என்று காற்புள்ளி விழும். இங்கே 150,000. காற்புள்ளி இடம் மாறினாலும் கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ‘லாக்’, ‘குரோர்’ என்ற சொற்கள்தாம் இடர். இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே அவை விளங்காது. ‘ஒன் பாயிண்ட் ஃபைவ் லாக்ஸ்’ என்பதை ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌஸண்ட்’ என்று சொல்லுங்கள். தேதியிலும் எச்சரிக்கை வேண்டும். 4/7 என்றால் நமக்கு ஜூலை 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 7. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதினால் தொல்லை தீர்ந்தது.

தொலைபேசியில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் குழம்பாத கடையே இல்லை. ஆங்கிலத்தில் அசையை அழுத்துவதில் பொருள் இருக்கிறது. பதினைந்தில் பின்னசை நீண்டு அழுந்தும். ஐம்பதில் முன்னசை அழுந்திப் பின்னது சுருங்கும். தமிழிலே அந்த ஏற்றத்தாழ்வு இல்லாததால் நம் வாயில் இரண்டும் ஒன்றுபோலாகின்றன. ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிடுவதே உசிதம்.

ஒலி விஷயத்தில் நமக்கு ஒரு பாக்கியம் உண்டு. தமிழெழுத்தில் ‘ப்ரைஸ்’ என்று எழுதினால் அது விலையா, பரிசா? இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆனால் மக்தபில் உட்கார்ந்து குர்ஆன் ஓதியவருக்கு இந்த வேற்றுமை விளங்கும். விலையின் கடைசி ஒலி அரபியின் ‘ஸீன்’. பரிசின் கடைசி ஒலி ‘ஸாய்’. அரிசியாகிய ‘ரைஸ்’ ஸீன். ஏற்றமாகிய ‘ரைஸ்’ ஸாய். தளர்ந்தது என்னும் ‘லூஸ்’ ஸீன். இழத்தல் என்னும் ‘லூஸ்’ ஸாய். பட்டியலைக் குறிக்கும் ‘பில்’ என்ற சொல்லை பிஸ்மில்லாஹ்வின் முதலெழுத்தைப் போல ஒலிக்கவேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை கேட்டதாகிவிடும். ‘ஃபைல்’ என்பதற்கு ஃபாத்திஹாவின் ‘ஃபா’. மேற்குத் திசையாகிய ‘வெஸ்ட்’ உதட்டைக் குவித்துச் சொல்லும் ‘வாவ்’. ஜவுளிக்கடைப் பனியனாகிய ‘வெஸ்ட்’ மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துச் சொல்வது, அரபியில் இல்லாத ஒலி. நம் முன்னோர் அரபெழுத்தில் தமிழை எழுதியபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மொழியின் எழுத்து இன்னொரு மொழியின் ஒலிக்குப் போதாதபோது என்ன செய்வதென்பது நம் சமூகத்துக்குப் புதிய வித்தையன்று.

முடிவாக, கடையில் எழுதும் ஒரு கடிதத்தை வைத்துப் பார்ப்போம். மே 19, செவ்வாய்க்கிழமை எழுதியது.

‘வீ ஹாட் கிவன் 4,000 பிஃபோர் டூ வீக்ஸ். பேலன்ஸ் வீ உட் கிவ் வித்தின் ஃப்ரைடே. ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் பில். ஃப்ரெய்ட் வீ வில் பேர். டூ தி நீட்ஃபுல்.’

ஐந்து வாக்கியம். எவ்வளவு பாக்கி, கூலி யார் தலையில், சந்தேகம் எதில், என்ன செய்யவேண்டும் ஆகிய ஒன்றும் இதில் நிலைபெறவில்லை. திருத்தியது இது:

‘வீ பெய்ட் யூ 4,000 டாலர்ஸ் ஆன் ஃபிஃப்த் மே. வீ வில் பே தி பேலன்ஸ் ஆஃப் 2,500 டாலர்ஸ் பை ஃப்ரைடே, ட்வென்ட்டி செகண்ட் மே. ஐ ஹாவ் எ கொஸ்சன் அபௌட் ஐட்டம் த்ரீ இன் யுவர் இன்வாய்ஸ்: இஸ் இட் 15 கிலோஸ் ஆர் 50 கிலோஸ்? யூ வில் பே ஹாஃப் தி ஃப்ரெய்ட் அண்ட் வீ வில் பே ஹாஃப். ப்ளீஸ் கன்ஃபர்ம் பை தர்ஸ்டே.’

‘டூ தி நீட்ஃபுல்’ என்ற வெள்ளைக்காரர் காலத்துத் தொடர் இந்தியக் கடிதங்களில் இன்னும் வாழ்கிறது, இங்கிலாந்தில் அருகிவிட்டது. செய்யவேண்டியது இன்னதென்று எழுதிவிட்டபடியால் இக்கடிதத்துக்கு அது தேவைப்படவில்லை. வியாழக்கிழமைக்குள் அவர் எழுத்தில் பதில் தராமல் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்றாவது அயிட்டத்தின் எடையைச் சொல்வாரானால், ‘ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா’ என்று கேட்டு, அப்போதே செய்தியாக எழுதி அவருக்குத் திருப்பி அனுப்பி வையுங்கள்.